அத்தியாயம் 7: அச்சுக்குப் போகுமுன் ஒரு ஜாம்பி விளையாட்டு

2012இல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் ஏழரை லட்சம் டாலருக்கு மேல் திரட்டி வெளிவந்தது ‘ஜாம்பிசைடு’ என்ற பலகை விளையாட்டு. அதன் முதல் பதிப்பில் ஒரு விதி உண்டு. ஜாம்பிகளோடு கூட்டாளி ஒருவரும் நிற்கும் கட்டத்தை நோக்கித் துப்பாக்கியால் சுட்டால், குறி தப்பாத குண்டுகள் முதலில் கூட்டாளியின் மேல்தான் பாயும். பகடையில் நல்ல எண் விழுந்தால் நண்பர் அடிபடுவார். மோசமான எண் விழுந்தால் தப்பிப்பார். விளையாடியவர்கள் ஆண்டுக்கணக்கில் இதைப் பற்றி வாதிட்டார்கள். இரண்டாம் பதிப்பில் விதி தலைகீழானது: குறி தப்பிய குண்டு மட்டுமே கூட்டாளியைத் தாக்கும்.

ஒரே ஒரு வரிதான், ஆனால் மேசையில் அது இவ்வளவு பேச்சைக் கிளப்புகிறது. எழுதியவரின் தலைக்குள் ஒழுங்காக ஓடும் விதி, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து பகடையை உருட்டும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதை அச்சகத்துக்கு அனுப்புமுன் கண்டுபிடிக்கத்தான் வடிவமைப்பாளர்கள் வெளியாட்களிடம் மாதிரிப் பிரதியைக் கொடுத்து ஆடிப் பார்க்கச் சொல்கிறார்கள். அப்படி ஆடித் தர ஒப்புக்கொள்ளும் குழுவுக்காகவே இந்த அத்தியாயம். இந்த வேலைக்கு விளையாட்டு வடிவமைப்பு தெரிந்திருக்க வேண்டியதில்லை. மேசையில் நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரிந்தால் போதும். அது கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம்.

## ஒப்புக்கொள்ளுமுன் கேட்க வேண்டியவை

சோதனை ஆட்டம் மூன்று வகைப்படும். வடிவமைப்பாளர் தனியாகவே எல்லோருடைய முறையையும் ஆடிப் பார்ப்பது முதல் வகை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க, மற்றவர்கள் ஆடுவது இரண்டாவது. அவர் இல்லாமல், விதிப்புத்தகத்தை மட்டும் நம்பி ஒரு குழு ஆடுவது மூன்றாவது. நீங்களே அச்சிட்டு வெட்டிக்கொள்ளும்படி வீட்டுக்கு வந்து சேரும் கோப்புகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைக்கானவை. வெளியீட்டுக்கு மிக அருகில் நடப்பதும் இதுதான். பெட்டியை வாங்கும் யாருக்கும் வடிவமைப்பாளர் பக்கத்தில் இருக்கப்போவதில்லை அல்லவா?

பிரதி கைக்கு வருமுன் இவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

1. இது எந்தப் பதிப்பு? கோப்பின் எண், தேதி இரண்டும் வேண்டும்.
2. வடிவமைப்பாளர் இப்போது தெரிந்துகொள்ள விரும்புவது என்ன? ஆட்ட நேரமா, கடினமா, விதிப்புத்தகத்தின் தெளிவா?
3. எத்தனை பேர் ஆட வேண்டும்? ‘1 முதல் 6 பேர்’ என்று பெட்டியில் போடுவதாக இருந்தால், 2 பேரும் 6 பேரும் ஆடிய முடிவுகள்தான் அவருக்கு அதிகம் தேவைப்படும். 4 பேர் ஆட்டத்தை எல்லாரும் ஆடித் தந்துவிடுவார்கள்.
4. படம் எடுக்கலாமா, வெளியில் சொல்லலாமா? எழுத்துமூலம் சம்மதம் வரும்வரை இரண்டும் வேண்டாம். ரகசியக் காப்பு ஒப்பந்தம் அனுப்பினால் முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.
5. ரத்தமும் சிதைந்த உடல்களும் படங்களில் எவ்வளவு இருக்கின்றன? வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

## அச்சிடுதலும் வெட்டுதலும்

வழக்கமான சீட்டின் அளவு 63 × 88 மி.மீ. ஒரு ஏ4 தாளில் ஒன்பது சீட்டுகள் அடங்கும். ஜெராக்ஸ் கடையில் கொடுக்கும்போது ‘நூறு சதவீத அளவில், சுருக்காமல்’ என்று சொல்லிவிடுங்கள். பல அச்சுப்பொறிகள் தாமாகவே பக்கத்துக்குப் பொருந்தும்படி படத்தைச் சுருக்கிவிடும். அப்புறம் எந்தச் சீட்டும் உறைக்குள் இறுக்கமாக உட்காராது. முதல் தாள் வந்ததும் ஒரு சீட்டை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டு மீதியை அச்சிடச் சொல்லுங்கள்.

1. சீட்டுகளைச் சாதாரண 80 ஜிஎஸ்எம் தாளில் அச்சிட்டால் போதும். கெட்டி அட்டைக்குச் செலவழிக்க வேண்டாம். அடுத்த பதிப்பில் பாதிச் சீட்டுகள் மாறிவிடும்.
2. வெட்டிய தாளை, பழைய சீட்டுக்கட்டின் சீட்டு ஒன்றோடு சேர்த்து பிளாஸ்டிக் உறைக்குள் செருகுங்கள். குலுக்க வசதியாக இருக்கும், பின்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். உறை கண்ணாடி போன்றதாக இருந்தால் பழைய சீட்டு எல்லாமே ஒரே கட்டிலிருந்து வரட்டும். இல்லாவிட்டால் பின்பக்கத்தைப் பார்த்தே எந்தச் சீட்டு என்று சொல்லிவிடலாம்.
3. வரைபடப் பலகையைத் துண்டுகளாக அச்சிட்டு, அட்டைப்பெட்டியின் தட்டையான பக்கத்தில் பசைக்குச்சியால் ஒட்டுங்கள். நீர்ப்பசை தாளைச் சுருங்க வைக்கும்.
4. ஜாம்பிகளுக்குச் சிலைகள் தேவையில்லை. மெதுவாக நகர்பவற்றுக்குப் புளியங்கொட்டை, ஓடுபவற்றுக்குச் சிவப்புப் பொத்தான், பெரிய உருவத்துக்குப் பாட்டில் மூடி. மேசையின் அடுத்த முனையிலிருந்து பார்த்தாலும் வகை தெரிய வேண்டும் என்பது ஒன்றுதான் கட்டாயம்.

பாதுகாப்பு: கட்டர் கத்தியால் வெட்டும்போது பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம், கத்தி அதன் மேல் ஏறி விரலுக்கு வந்துவிடும். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, பிடிக்கும் விரல்கள் விளிம்புக்கு வெளியே நீட்டாதபடி வைத்து, ஒரே இழுப்பில் வெட்டாமல் மூன்று நான்கு முறை லேசாக இழுங்கள். மழுங்கிய முனைதான் அதிகம் வழுக்கும். உடைத்துப் புது முனையை எடுத்துக்கொள்ளுங்கள். உடைத்த துண்டைக் காகிதத்தில் சுற்றிப் போட வேண்டும். ஸ்ப்ரே பசை பயன்படுத்துவதானால் மொட்டை மாடி, அல்லது ஜன்னல்கள் திறந்த அறை. பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது. பொத்தானும் புளியங்கொட்டையும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது.

வெட்டும் வேலையே வேண்டாம் என்பவர்கள் ‘டேபிள்டாப் சிமுலேட்டர்’ போன்ற கணினி மேசைகளில் ஆடித் தரலாம். வெவ்வேறு ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆட அது நல்ல வழி. ஆனால் அங்கே கிடைக்கும் ஆட்ட நேரத்தை அப்படியே அறிக்கையில் எழுதக்கூடாது. முப்பது புளியங்கொட்டையைக் கையால் எடுத்து வைத்து, எண்ணி, நகர்த்த ஆகும் நேரம் கணினியில் வேறு. ஜாம்பி விளையாட்டில் அந்தக் கைவேலைதான் நேரத்தைத் தின்னும்.

## விதிப்புத்தகத்தைப் படிக்கும் விதம்

குழுவில் ஒருவர் மட்டும் உரக்கப் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். படிக்கத் தொடங்கிய நேரத்தையும் முதல் காய் நகர்ந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளி வடிவமைப்பாளருக்கு முக்கியமான எண்.

இங்கேதான் பழகிய ஆட்டக்காரர்கள் சறுக்குவார்கள். ‘ஜாம்பிசைடு’ ஆடியவருக்கு, கண்ணுக்கு யாரும் தெரியாவிட்டால் ஜாம்பிகள் அதிகச் சத்தம் வரும் இடத்தை நோக்கி நடக்கும் என்பது தெரியும். புதிய விளையாட்டின் விதியில் அது எழுதப்படாமல் இருந்தாலும் அவர் கை தானாக அப்படியே நகர்த்தும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆட்டம் சுமுகமாக முடியும். விதியில் இருக்கும் ஓட்டை அப்படியே அச்சுக்குப் போகும்.

ஓட்டை தெரிந்தால் நிரப்பாதீர்கள். இப்படிச் செய்யுங்கள்:

1. ஆட்டத்தை நிறுத்தி, கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்.
2. விதிப்புத்தகத்தில் விடையைத் தேடுங்கள். எந்தப் பக்கத்தில் தேடினீர்கள் என்பதையும் எழுதுங்கள். விடை இருக்க வேண்டிய இடம் அதுதான்.
3. இரண்டு நிமிடத்தில் கிடைக்காவிட்டால் குழுவாக ஒரு முடிவெடுத்து, அந்த முடிவையும் எழுதிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.
4. வடிவமைப்பாளருக்குப் போன் போட வேண்டாம்.

அந்த ஒரு வரிக் கேள்வி எப்படி இருக்கும்? ஓர் அறையில் மூன்று ஜாம்பிகள். வெளியே இரண்டு பேர், இடப்பக்க வாசலிலிருந்தும் வலப்பக்க வாசலிலிருந்தும் ஒரே தூரத்தில். ஜாம்பிகளின் முறை வருகிறது. ஒருவர் மூன்றையும் இடப்பக்கம் தள்ளுகிறார். “ஏங்க, என் பக்கம் ஏன் எல்லாம் வருது? பாதி அங்க போகணும்ல?” “மூணுல பாதி எப்படிம்மா போகும்?” இதே சிக்கலுக்கு ‘ஜாம்பிசைடு’ முதல் பதிப்பு ஒரு துணிச்சலான விடை வைத்திருந்தது: கூட்டம் சமமாகப் பிரியும், எண்ணிக்கை ஒற்றைப்படையானால் ஒரு ஜாம்பியைக் கூடுதலாக வைத்துச் சமமாக்க வேண்டும். பயமும் கூடுகிறது, வாதமும் தீர்கிறது. புதிய விளையாட்டில் இதற்கு விடை இருக்கிறதா என்று ஒவ்வொரு முச்சந்தியிலும் பாருங்கள்.

## ஆடும்போது குறிக்க வேண்டியவை

குறிப்பெடுக்க ஒருவரை நியமியுங்கள். அவரும் ஆடலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அரை நிமிடம் அவருக்கு ஒதுக்க வேண்டும். சுற்று எண், மணி, பலகையில் இருக்கும் ஜாம்பிகளின் எண்ணிக்கை, உயிரோடு இருப்பவர்கள் ஆகிய நான்கு பத்திகள் கொண்ட ஒரு தாள் போதும்.

ஜாம்பிகளின் எண்ணிக்கையை ஏன் எழுத வேண்டும் என்றால், இந்த வகை விளையாட்டின் இதயமே அதுதான். ஏழு சுற்றுகள் வரை பலகையில் நான்கைந்து ஜாம்பிகள் மட்டும் அலைந்துகொண்டிருந்தால் சலிப்பு தட்டும். எட்டாவது சுற்றில் திடீரென இருபது வந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு நிலைகளும் எண்களாகப் பதிவாகிவிட்டால் வடிவமைப்பாளர் எந்தச் சீட்டைத் திருத்த வேண்டும் என்று தானே கண்டுபிடித்துவிடுவார்.

காய்கள் தீர்ந்துபோகும் தருணத்தையும் விடாதீர்கள். டாட் பிரைட்டன்ஸ்டைன் 2001இல் வெளியிட்ட ‘ஜாம்பீஸ்!!!’ பெட்டியில் நூறு பிளாஸ்டிக் ஜாம்பிகள் இருந்தன. எத்தனை வைத்தாலும் ஒரு நாள் தீரும். ‘ஜாம்பிசைடில்’ ஒரு வகை தீர்ந்தால், பலகையில் இருக்கும் அந்த வகை முழுவதும் உடனே இன்னொரு முறை நகரும். பெட்டியில் காய் குறைவு என்ற அச்சகக் கட்டுப்பாடு இங்கே ஆட்டத்தின் பயங்கரமாகவே மாறிவிட்டது. சோதனைப் பிரதியில் தீர்ந்தால் என்ன செய்வதென்று எழுதியிருக்கிறதா? எந்தச் சுற்றில் தீர்ந்தது? இரண்டையும் குறியுங்கள்.

### சாவு எப்போது வருகிறது, அதன் பிறகு என்ன

முதல் சாவு நடந்த நேரத்தையும், செத்தவர் அதன் பிறகு எவ்வளவு நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தார் என்பதையும் எழுதுங்கள். இரண்டாவது எண்தான் முக்கியமானது. இரவு ஏழு மணிக்கு வந்த நண்பர் ஏழரைக்கே செத்து, பத்து மணி வரை மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பெட்டி மறுபடி அலமாரியிலிருந்து இறங்காது.

ஜோனதன் கில்மோரும் ஐசக் வேகாவும் வடிவமைத்து 2014இல் வந்த ‘டெட் ஆஃப் வின்டர்’ இதற்கு நல்ல விடை கண்டது. ஒவ்வொருவரும் இரண்டு பாத்திரங்களோடு தொடங்குகிறார்கள். கடைசிப் பாத்திரமும் செத்தால் கைச்சீட்டுகளை இழந்து, புதிய பாத்திரம் ஒன்றை எடுத்துத் தொடர்கிறார்கள். இழப்பு வலிக்கும், ஆனால் நாற்காலி காலியாகாது.

அதே விளையாட்டில் பன்னிரண்டு முகப் பகடை ஒன்று உண்டு. வெளியே ஓர் இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போனால், ஜாம்பியைத் தாக்கினால், அதை உருட்ட வேண்டும். ஒரு முகத்தில் பல் படம். அது விழுந்தால் பாத்திரம் உடனே சாகும். ஒரு உருட்டலில் வாய்ப்பு சுமார் 8 சதவீதம்தான். ஆறு முறை உருட்டினால் ஒரு முறையாவது விழும் வாய்ப்பு 41 சதவீதம். முதல் சுற்றிலேயே அருமையான பாத்திரத்தை இழந்தவர் ‘பகடை மோசம், மாற்றுங்கள்’ என்று எழுதத் துடிப்பார். ஒரு ஆட்டத்தில் விழுந்தது எதற்கும் சான்றல்ல. அவர் எழுத வேண்டியது, முதல் சுற்றில் பாத்திரம் போனபோது தொடர்ந்து ஆட மனம் இருந்ததா, இல்லையா என்பதை. அது எந்தக் கணக்கிலும் வராத தகவல்.

### ஒருவரே எல்லோருக்கும் ஆடுவது

எல்லாரும் ஒன்றுசேர்ந்து ஜாம்பிகளை எதிர்க்கும் விளையாட்டில், அனுபவம் உள்ள ஒருவர் மற்றவர்களின் முறையையும் தானே தீர்மானிக்கத் தொடங்குவார். 2008இல் வந்த மேட் லீகாக்கின் ‘பேன்டெமிக்’ முதல் இன்றைய விளையாட்டுகள் வரை கூட்டு விளையாட்டுகளின் நிரந்தரத் தலைவலி இது. ‘டெட் ஆஃப் வின்டர்’ ஒவ்வொருவருக்கும் ரகசிய இலக்கு கொடுத்து, துரோகி ஒருவர் இருக்கவும் வாய்ப்பு வைத்து, இதைத் தணிக்க முயன்றது. அடுத்தவர் சொல்வதை அப்படியே நம்ப முடியாதபோது அவர் சொல்படி நகர்த்தவும் மாட்டோம்.

சோதனை மேசையில் நல்ல பழக்கமுள்ள குழுக்கள் இதை மரியாதையால் மறைத்துவிடுகின்றன. “நீங்களே முடிவு பண்ணுங்க” என்று விட்டுக்கொடுப்பது நட்புக்கு அழகு, சோதனைக்குக் கேடு. பேச்சு இயல்பாகப் போகிறபடி போகட்டும். யார் எத்தனை முறை அடுத்தவர் காயை நோக்கிக் கையை நீட்டினார், யார் போனை எடுத்துப் பார்த்தார், எந்தச் சுற்றில் என்பதைக் குறிப்பெடுப்பவர் எழுதட்டும்.

## இரண்டாவது ஆட்டம்: உடைத்துப் பார்ப்பது

முதல் ஆட்டத்தை ஜெயிக்கும் நோக்கத்தோடு நேர்மையாக ஆடுங்கள். இரண்டாவதில், விளையாட்டை முறிக்கும் வழி இருக்கிறதா என்று தேடுங்கள். ஜாம்பி விளையாட்டுகளில் முதலில் தேட வேண்டியவை:

- எல்லாரும் ஒரே அறையில் புகுந்து கதவை அடைத்துக்கொண்டு கடைசிச் சுற்று வரை காத்திருப்பது.
- எதையும் தேடாமல், யாரையும் காப்பாற்றாமல், முதல் சுற்றிலிருந்தே வெளிவாசலை நோக்கி ஓடுவது.
- ஒருவரை இரையாக நிறுத்தி மற்றவர்கள் தப்பிப்பது.
- ஒரே ஆயுதத்தை மட்டும் தேடி எடுத்து, வேறு எதையும் தொடாமல் ஆடுவது.

இவற்றில் ஒன்று எளிதாக ஜெயித்தால் வடிவமைப்பாளருக்கு அது பெரிய கொடை. அதை எந்தச் சுற்றில் தொடங்கினீர்கள், எந்தச் சீட்டு கைகொடுத்தது என்று முழு வரிசையையும் எழுதுங்கள். வெற்றி கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள். ஓர் ஓட்டை அடைபட்டிருக்கிறது என்பதும் அவருக்குத் தேவையான செய்தி.

குறிப்பு: ஒரே இரவில் இரண்டு ஆட்டம் வேண்டாம். களைத்த மேசை எல்லா விளையாட்டையும் ‘நீளம்’ என்றே சொல்லும். ஒரு ஆட்டம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் நடுவில் எழுந்து நடந்து, தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். அந்த இடைவேளையை ஆட்ட நேரத்தில் கழித்துவிடுங்கள்.

## அறிக்கை எழுதுதல்

ஆட்டம் முடிந்த உடனே யாரும் பேசக்கூடாது. ஆளுக்கொரு தாளில் ஐந்து நிமிடம் எழுதுங்கள். முதலில் பேசுபவரின் கருத்து மேசை முழுவதும் ஒட்டிக்கொள்ளும். எழுதிய பிறகு பேசினால் நான்கு வெவ்வேறு கருத்துகள் தப்பிப் பிழைக்கும்.

1. நடந்தது: ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை, நேரம், வெற்றியா தோல்வியா, எந்தச் சுற்றில்.
2. தடுக்கிய இடங்கள்: விதிக் கேள்விகள், தேடிய பக்கங்கள், குழு எடுத்த முடிவு.
3. உணர்ந்தது: எங்கே பயம், எங்கே சிரிப்பு, எங்கே சலிப்பு. சுற்று எண்ணோடு.
4. யோசனை: கேட்டிருந்தால் மட்டும், கடைசியில்.

‘ரொம்ப நீளம், ஜாம்பிகளைக் குறைக்கலாம்’ என்று எழுதினால் வடிவமைப்பாளருக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘5ஆம் சுற்றுக்குப் பிறகு ஜாம்பிகளை நகர்த்த மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் ஆறு ஏழு நிமிடம் ஆனது. அந்த நேரத்தில் மூன்று பேருக்கு வேலை இல்லை. 8ஆம் சுற்றில் இருவர் போனை எடுத்தார்கள்.’ ஜாம்பிகளைக் குறைப்பதா, நகர்த்தும் வேலையை எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பதா, ஜாம்பிக் கூட்டத்துக்கு ஒரே காய் வைப்பதா என்பது அவர் பாடு. நோயைச் சொன்னால் அவர் முன் மூன்று மருந்துகள் இருக்கும். ஒரு மருந்தைச் சொல்லிவிட்டால், நோய் என்னவென்றே அவருக்குத் தெரியாமல் போய்விடும்.

பாராட்டையும் இதே துல்லியத்தோடு எழுதுங்கள். ‘சூப்பர்’ என்பதைவிட, ‘6ஆம் சுற்றில் கதவைத் திறக்குமுன் நான்கு பேரும் எழுந்து நின்றுவிட்டோம்’ என்பது அவருக்கு ஆயிரம் மடங்கு பயன்படும். எதில் கைவைக்கக்கூடாது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

## அடுத்த பதிப்பு வரும்போது

நல்ல அறிக்கை போய்ச் சேர்ந்தால் சில வாரங்களில் புதிய கோப்பு வரும். மாறிய சீட்டுகளை மட்டும் அச்சிட்டு உறைக்குள் மாற்றுங்கள். பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். இரண்டு பதிப்புகளின் சீட்டுகள் ஒரே கட்டில் கலந்தால் அந்த ஆட்டத்தின் எண்கள் எதற்கும் உதவாது. பலகையின் மூலையிலும் விதிப்புத்தகத்தின் அட்டையிலும் பதிப்பு எண்ணைப் பேனாவால் பெரிதாக எழுதி வையுங்கள். விதிப்புத்தகத்தைப் பொறுத்தவரை, ஏற்கெனவே ஆடிய குழு இனி புதியவர்களின் கண்ணோடு அதைப் படிக்க முடியாது. ஆகவே அதன் தெளிவைச் சோதிக்க, இதுவரை ஆடாத இரண்டு பேரையாவது அழைத்து, அவர்களில் ஒருவரையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பழையவர்கள் குறிப்பெடுக்கலாம்; விளக்கம் சொல்லக்கூடாது.